காவிரிப் படுகையின் அம்மோனைட்டுகள்: சேகரிப்பும் பதிவும்

மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து தீவைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. தீவுக்கும் ஆற்றுக்கும் அடியில் கிடப்பது நைஸ் பாறை. தென்கர்நாடகத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளமான இப்பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. சிப்பியும் நத்தையும் கடலில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இறுகிப்போன பாறை அது. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அதில் ஓடுள்ள கடலுயிரின் சுவடு அகப்படாது. ஆனாலும் ஊரின் வைணவ வீடுகளில் அம்மோனைட் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. சாளக்கிராமம் என்று அதைப் பூசிக்கிறார்கள்.

நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் சக்கரம் தெரிபவை பெரும்பாலும் அம்மோனைட்டுகள். இமயம் எழும்பும் முன் அங்கே கிடந்த கடலின் அடியில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கருஞ்சேற்றில் புதைந்து கல்லானவை. முக்திநாத்தைத் திவ்வியதேசமாக ஆழ்வார்கள் பாடியதால் தமிழ் வைணவர்களுக்கு அந்த ஆறு வெகுதொலைவில் இருந்தும் நெருக்கமானது. சக்கரங்களின் எண்ணிக்கை, துவாரம், நிறம் இவற்றைக் கொண்டு நரசிம்மம், சுதர்சனம் என்றெல்லாம் கற்களை வகைபிரிக்கும் மரபும் அதனுடன் வந்தது. அம்மோனைட்டுகளை உருவத்தால் வகைப்படுத்திய முயற்சிகளில் நம் நாட்டில் பழமையானது இதுவே எனலாம். சாளக்கிராமத்துக்கு விலை வைக்கக் கூடாது என்ற நெறியும் அந்த மரபுக்குள்தான் இருக்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம். அங்கிருந்து அதே ஆற்றோடு கீழே வந்தால் அந்தியரங்கமான ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே லால்குடி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் காவிரி நாட்டுக்கே சொந்தமான அம்மோனைட்டுகள் மண்ணில் கிடக்கின்றன. உலகத் தொல்லுயிரியலில் அவற்றுக்கு 180 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவற்றை யார் சேகரித்தார்கள், அதனால் என்ன தெரிந்தது, இன்று எவை அழிகின்றன, இனி யார் எப்படிச் சேகரிக்க வேண்டும் என்ற கேள்விகளை இக்கட்டுரை ஒருசேர ஆராய்கிறது. நான் வந்தடையும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேகரிப்பதால் அம்மோனைட்டுக்குக் கேடில்லை. எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற பதிவு இல்லாமல் எடுப்பதே கேடு.

உயிரும் கல்லும்

சுருண்ட ஓட்டைப் பார்த்து அம்மோனைட்டைக் கடல்நத்தை என்று சொல்லிவிடுகிறோம். அது நத்தையல்ல. ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் ஆகியவற்றின் உறவான தலைக்காலி. இக்குலம் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த அதே பேரழிவில் முற்றிலும் அழிந்தது. இன்று கடலில் வாழும் நாட்டிலஸ் அதன் தூரத்து உறவு.

நத்தையின் ஓடு உள்ளே தடுப்பில்லாத ஒரே குழாய். அம்மோனைட்டின் ஓடோ அறை அறையாகப் பிரிந்தது. கடைசி அறையில் மட்டும் விலங்கு வாழ்ந்தது. வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் சுவர் எழுப்பிக்கொண்டே போனது. எல்லா அறைகளையும் துளைத்துச் செல்லும் மெல்லிய குழல் ஒன்று அறைகளின் நீரை வெளியேற்ற, அங்கே வாயு நிறைந்தது. அதனால் கனத்த ஓட்டோடும் விலங்கு மிதக்க முடிந்தது. இந்தக் குழல் அம்மோனைட்டில் பெரும்பாலும் ஓட்டின் வெளிவிளிம்பை ஒட்டி ஓடும். நாட்டிலஸில் அறைச்சுவரின் நடுப்பகுதியைத் துளைத்துச் செல்லும்.

அறைச்சுவர் வெளி ஓட்டைத் தொடும் கோடு இனம் அறிவதற்கு முக்கியமானது. நாட்டிலஸில் அது எளிய வளைவு. அம்மோனைட்டில் மடிந்து, கிளைத்து, இலைநரம்பு போல விரியும். அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. அது நீரில் எளிதில் கரைந்துவிடும். ஓடு கரைந்தபின் உள்ளே நிரம்பி இறுகிய சேறோ பாஸ்பேட்டோ மட்டும் எஞ்சும். நமக்குக் கிடைக்கும் கற்களில் பல இத்தகைய உள்வார்ப்புகள். ஓடு இல்லாததாலேயே அந்த இலைக்கோலம் மேற்பரப்பில் பளிச்சென்று தெரிகிறது. ஓட்டைச் சுரண்டிக் கோலத்தை வெளிக்கொணரும் ஆசையில், எஞ்சியிருந்த ஓட்டையும் இழந்த மாதிரிகள் பல உண்டு.

எல்லா அம்மோனைட்டும் தட்டைச் சுருள் அல்ல. பாகுலைட்டிஸ் நேரான கோல். டுரிலைட்டிஸ் திருகாணி போல மேலேறும் சுருள். முன்னது அரியலூர், புதுச்சேரி அடுக்குகளிலும் பின்னது ஊட்டத்தூர் அடுக்குகளிலும் கிடைக்கின்றன. உடைந்த பாகுலைட்டிஸ் துண்டை எலும்பு என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. துண்டின் பக்கத்தில் அறைக்கோடு தெரிகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

புவியியலாளர் அம்மோனைட்டை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் காலக்கணக்கு. ஒவ்வொரு இனமும் குறுகிய காலமே வாழ்ந்தது. அந்தக் குறுகிய காலத்துக்குள் கடல்வழியே வெகுதூரம் பரவியது. ஆகவே ஓர் இனம் கிடைத்தால் அந்த அடுக்கின் வயதும் தெரியும். அதே இனம் கிடைக்கும் வேற்றுக் கண்டத்து அடுக்கோடு பொருத்தியும் பார்க்கலாம். ஜெர்மானியரான ஆல்பர்ட் ஓப்பல் 1856 முதல் 1858 வரை வெளியிட்ட நூலில் ஜுராசிக் அடுக்குகளை இந்த முறையில்தான் மண்டலங்களாகப் பிரித்தார். இந்த முறைக்கு உயிர்நாடி ஒன்றே ஒன்று: கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கடல் வந்த நிலம்

அண்டார்க்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்து விலகியபோது நம் கிழக்குக் கரை உருவானது. தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்தது. நைஸ் பாறையே அதற்குக் கரையானது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர்களின் அழிவோடு முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதிவரை கடல் முன்னேறுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அதன் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். அவற்றுக்கு மேலே நின்னியூர் அடுக்குகள் வருகின்றன.

ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. கல்லக்குடி டால்மியாபுரத்தில் பவளத்திட்டுகள் வளர்ந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரை, கொளக்காநத்தம் பக்கம் ஆழ்ந்த கடலின் களிமண் பரந்து கிடக்கிறது. மழைநீர் அறுத்த ஓடைகளும் மேடுகளுமாகப் பயிர் ஏறாத நிலம் அது. வெயிலில் ஜிப்சம் பட்டைகள் மின்னும். கணவாயின் இன்னொரு உறவான பெலம்னைட்டின் உட்கூடு துப்பாக்கிக் குண்டு வடிவில் சிதறிக் கிடக்கும். பழுப்பு நிறப் பாஸ்பேட் உருண்டைகளுக்கிடையே அம்மோனைட்டின் உள்வார்ப்பும் தென்படும். கருடமங்கலத்தின் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றி 'திருச்சிராப்பள்ளி மார்பிள்' என்ற பெயரில் மேசைப் பலகைக்கும் காகிதக் கனத்துக்கும் விற்ற காலம் உண்டு. சாத்தனூரில் கடலுக்கு அடித்துவரப்பட்டுக் கல்லான மரம் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது, 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்த அம்மரம் இன்று தேசிய புவியியல் நினைவுச்சின்னம். அரியலூர்த் தொகுதியில் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் குவியல் குவியலாக இருக்கின்றன. அதற்கு மேலே ஒட்டக்கோவில் மணற்கல். அதற்கும் மேலே டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேட்டு மணல்.

வடக்கே விருத்தாசலம் அருகிலும், புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூரிலும் இதே காலத்துக் கடற்படிவுகள் சிறு சிறு பரப்புகளாக வெளித்தெரிகின்றன.

எடுத்தவர்கள்

இக்கற்களை அறிவியல் உலகுக்குக் கொண்டுசென்றவர்கள் முதலில் புவியியலாளர்கள் அல்லர், அரசு அலுவலர்கள். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த கே, கன்லிஃப் என்ற இருவரும் 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பெருந்தொகையாகச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினர். இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். புதிய இனங்களுக்கு அவர் சூட்டிய பெயர்களில் இந்திரன், பிரம்மன், வருணன், சூரியன் எல்லோரும் இருக்கிறார்கள். அவ்வாறு பெயரிடப்பட்ட சூடோஃபில்லைட்டிஸ் இந்திரா, பிராமைட்டிஸ் பிரம்மா ஆகியவற்றை இன்றும் அப்பெயரிலேயே உலகம் அறிகிறது. புதுச்சேரிக் கற்கள் சில பாரிசுக்கும் போயின. பிரெஞ்சு அறிஞர் டோர்பிஞி அவற்றைப் படம் வரைந்து பதிப்பித்தார்.

ஃபோர்ப்ஸின் ஆய்வுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அவர் கைக்கு வந்த கற்களோடு வந்தது மூன்று வட்டாரப் பெயர்கள் மட்டுமே. திருச்சி என்றால் எந்த ஊர், எந்த அடுக்கு என்று அவர் அறிய வழியில்லை. ஊட்டத்தூர்க் களிமண்ணுக்கும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளி இருக்க, இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே பெயரில் போய்ச் சேர்ந்தால் வரலாறு குழம்பத்தான் செய்யும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக 1850களின் இறுதியில் திருச்சி, தென்னாற்காடு மாவட்டங்களை நடந்தே அளந்து, அடுக்குகளை வரைபடமாக்கி, 1862இல் வெளியிட்டார். நாம் இன்றும் ஆளும் மூன்று தொகுதிப் பெயர்களும் அவர் வைத்தவை. தமிழை நினைவூட்டும் பிளாசென்டிசெராஸ் தமுலிகம் என்ற இனப்பெயரும் அவர் தந்ததே. பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவர்தான்.

பிளான்ஃபோர்டின் வரைபடத்தையும் சேகரிப்பையும் அடித்தளமாகக் கொண்டு இனங்களை விரிவாக விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. மொராவியாவில் பிறந்து, 1862இல் கல்கத்தாவுக்கு வந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிய அவருடைய பெருந்தொகுதிகள் 1873இல் நிறைவடைந்தன. அடுத்த ஆண்டே யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் உயிரிழந்தார். கல்லறை லேயில் இருக்கிறது. ஸ்டோலிஸ்கையா என்ற அம்மோனைட் பேரினம் அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் ஆராய்ந்த மூலமாதிரிகள் கொல்கத்தாவில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

1890களில் வார்த் என்பவர் மீண்டும் களம் இறங்கிச் சேகரித்தார்; அவற்றை ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1895 முதல் 1898 வரை வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். வரகூரின் பெயரில் வரகூரென்ஸ் என்ற இனம் அவர் வைத்தது. ஊட்டத்தூர் பெயரால் ஊட்டத்தூரிசெராஸ் என்ற பேரினமே பின்னர் உருவானது. நம் சிற்றூர்களின் பெயர்கள் உலகத்தின் தொல்லுயிரியல் நூல்களில் ஏறியது இப்படித்தான்.

மைசூருக்கும் இதில் பங்குண்டு. திருச்சி மாவட்ட ஆய்வு நடந்த காலத்தில் சென்னைப் பிரிவில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1894இல் மைசூர் அரசு புவியியல் துறை தொடங்கியபோது அதற்குத் தலைவரானார். அடுத்த தலைமுறையில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எல். ராமராவ், தம் மாநிலத்தில் இல்லாத கடற்படிவுகளைத் தேடி அரியலூருக்கு வந்தார். நின்னியூர் அடுக்குகளில் கிடைத்த கடற்பாசிப் புதைபடிவங்களை வியன்னாவின் யூலியுஸ் பியாவுடன் சேர்ந்து 1936இல் விவரித்தார். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் பற்றிய அவருடைய ஆய்வு வாழ்நாள் முழுதும் நீண்டது.

சேகரிப்பு சொன்ன செய்தி

இந்த உழைப்பால் மூன்று பெரிய உண்மைகள் நிலைபெற்றன.

முதலாவது, கடலின் எல்லை. காவிரிப் படுகையின் அம்மோனைட்டுகள் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கிடைப்பவற்றோடு நெருங்கிய உறவுடையவை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள். ஜப்பான் வரை நீளும் ஒற்றுமைகளைக் கோஸ்மாட் எடுத்துக்காட்டினார். கண்டங்கள் நகர்ந்தன என்ற கொள்கை பிறப்பதற்கு முன்பே, இந்தியாவின் கடல் எந்தக் கடலோடு சேர்ந்திருந்தது என்ற கேள்வியை இந்தக் கற்கள் எழுப்பிவிட்டன. சூடோஃபில்லைட்டிஸ் பேரினம் பின்னர் அண்டார்க்டிகாவிலும் கண்டெடுக்கப்பட்டது.

இரண்டாவது, காலத்தின் துல்லியம். வழுதாவூர்க் கற்கள் கிரெட்டேசியஸ் காலத்தவை என்பது ஃபோர்ப்ஸ் காலத்திலேயே ஓரளவு தெரியும். தொல்லுயிரியலாளர்கள் கென்னடி, ஹெண்டர்சன் இருவரும் அவற்றை மீண்டும் ஆராய்ந்து 1992இல் இரு பெரிய கட்டுரைகள் எழுதினர். அவை மேஸ்ட்ரிக்டியன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை, அதாவது அம்மோனைட் குலத்தின் கடைசிக் காலத்தவை என்று காட்டினர். 150 ஆண்டுக்கு முன் எடுத்த கல்லைத் திறந்து பார்த்துப் புதிய விடை காண முடிந்ததற்குக் காரணம், அது அருங்காட்சியகத்தில் எண்ணிடப்பட்டு இருந்ததுதான்.

மூன்றாவது, முடிவு. நின்னியூர் அடுக்குகள் கிரெட்டேசியஸின் உச்சியா, அடுத்த யுகத்தின் தொடக்கமா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. அங்கே அம்மோனைட் இல்லை. நாட்டிலஸ் இனத்து ஹெர்கோகுளோசா இருக்கிறது. இன்று அவ்வடுக்குகள் பேரழிவுக்குப் பிந்தைய டேனியன் காலத்தவை என்று ஏற்கப்படுகின்றன. ஒரு குலம் அழிந்ததையும் அதன் உறவு பிழைத்ததையும் அரியலூர் மாவட்டத்துக்குள்ளேயே சில ஊர்களுக்கிடையில் காட்டிவிடலாம். ஆனால் இந்த முடிவு ஒரு கல் 'இல்லை' என்பதை நம்பி நிற்கிறது. நின்னியூரில் அம்மோனைட் கிடைத்ததாக யாராவது பதிவில்லாத ஒரு கல்லைக் கொண்டுவந்து நீட்டினால், அதை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

அழிவின் வழிகள்

அழிவு மூன்று வழியில் நடக்கிறது. முதல் வழி இயற்கை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் காரைக் களிமண்ணை அறுத்துப் புதிய கற்களை வெளியே தள்ளுகிறது. யாரும் எடுக்காதவை அடுத்தடுத்த மழையிலும் வெயிலிலும் பொடிந்து ஓடையோடு போகின்றன. எதையும் தொடாதே என்ற தடை இங்கே பாதுகாப்பாகாது.

இரண்டாம் வழி சுரங்கம். டால்மியாபுரத்தில் 1939இல் சிமென்ட் ஆலை தொடங்கியது முதல், பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல்லும் கல்லங்குறிச்சிச் சிப்பிக்கல்லும் அரைக்கப்பட்டுவருகின்றன. அரியலூர் சிமென்ட் நகரமானது இக்கடலின் கொடையால்தான். சுரங்கத்தை வெறும் எதிரியாக மட்டும் பார்ப்பதும் நேர்மையல்ல. மண்மூடிய சமவெளியில் பல மீட்டர் உயரத்துக்கு அடுக்குகளை வெட்டிக்காட்டியது சுரங்கமுகமே. கடந்த அரை நூற்றாண்டின் முக்கிய ஆய்வுகள் பல அங்கேதான் நடந்தன. வெடி வைத்தபின் வெளித்தெரியும் முகத்தைப் பார்க்க ஆளில்லாமல் கல் நேரே அரவைக்குப் போவதுதான் இழப்பு. அங்கே வேலை செய்யும் தொழிலாளிக்கு எந்த மட்டத்தில் எந்த உருவம் கிடைக்கும் என்பது கைப்பழக்கமாகவே தெரியும். அந்த அறிவை யாரும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை.

மூன்றாம் வழி ஆர்வம். கல்லூரிச் சுற்றுலா, வார இறுதிப் பயணம், அலமாரி அழகு என்று காரைக்கு வருவோர் பெருகிவிட்டனர். பிடுங்கி எடுத்த கல் ஊருக்குப் போனபின் எங்கே கிடைத்தது என்பது சில மாதங்களில் மறந்துவிடும். அந்தக் கல் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். அதனிடம் கேட்க இனி எதுவும் இருக்காது.

ஆர்வம் வதந்தியாவதும் உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் எடுத்தபோது வெளிப்பட்ட பெரிய உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று சமூக வலைத்தளங்களில் பரப்பினார்கள். அவை முட்டை அல்ல, கடலடிச் சேற்றில் கனிமம் திரண்ட உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்கினர். அம்மோனைட்டுகளும் அங்கே கிடைத்தன. பிரித்தறிவது கடினமில்லை. முட்டைக்கு மெல்லிய, நுண்துளையுள்ள தனி ஓடு உண்டு. ஒரே கூட்டின் முட்டைகள் அளவில் ஒத்திருக்கும். கனிம உருண்டை சிறிதும் பெரிதுமாக இருக்கும். உடைந்தால் உள்ளே ஒரே பொருளோ, நடுவில் ஓர் ஓடோ தெரியும். இறந்த உயிரின் அழுகலைச் சுற்றியே கனிமம் பெரும்பாலும் திரள்வதால், இத்தகைய உருண்டையின் நடுவில் அம்மோனைட் இருப்பது இயல்பு. இதைச் சொல்ல அருகிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்திருந்தால் வதந்தி ஊரைத் தாண்டியிருக்காது.

எப்படி எடுப்பது

முறையான சேகரிப்பு கையெட்டும் காரியம்தான். காரை ஓடையில் உள்ளங்கை அளவுள்ள ஓர் அம்மோனைட் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை அதை எடுப்பதல்ல. அது தளர்ந்து கிடக்கிறதா, அடுக்கில் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஓடையின் அடியில் தளர்ந்து கிடந்தால் அது மேலே எந்த அடுக்கிலிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். அப்படியே எழுத வேண்டும்: 'தளர்ந்தது, ஓடையடி.' மேட்டின் பக்கவாட்டில் பதிந்திருந்தால் அளவுகோலை அருகில் வைத்து, அடுக்கு முழுவதும் தெரியும்படி ஒரு படமும், கல் மட்டும் தெரியும்படி ஒரு படமும் எடுக்க வேண்டும். கைபேசியிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை, அடையாளமான ஓர் அடுக்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே என்ற அளவு, மண்ணின் நிறமும் தன்மையும், எந்தப் பக்கம் மேலே இருந்தது, தேதி, எடுத்தவர் பெயர். இவ்வளவையும் களத்திலேயே குறிப்பேட்டில் எழுதி, அதே எண்ணைக் கல்லைச் சுற்றும் காகிதத்திலும் எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் எண் மாறும். எண் மாறினால் எல்லாம் போயிற்று.

கல் பெயர்ந்து வந்த குழியில் அதன் எதிர்ப்பதிவு இருக்கும். ஓட்டின் மேலுள்ள விலா போன்ற வரிகளின் நுணுக்கம் உள்வார்ப்பைவிட அந்த எதிர்ப்பதிவில் தெளிவாகத் தெரிவதுண்டு. அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிட்டுப் போவது இதைத்தான். வீட்டில் மெல்லிய தூரிகையும் தண்ணீரும் போதும். அமிலமும் வார்னிஷும் கூடாது. களிமண் ஒட்டிய கல்லை ஊறவைத்தால் பிளந்துபோகும். எண்ணைக் கல்லின் முக்கியமில்லாத பகுதியில் நிலைத்த மையால் எழுதிவிட்டால் காகிதம் தொலைந்தாலும் பதிவு நிற்கும்.

காரையில் இன்னொரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்பேட் உருண்டையாகிவிட்ட அம்மோனைட் சேற்றைவிடக் கடினமானது. பழைய கடலடி அரிக்கப்படும்போது அது மட்டும் தப்பித்து, பின்வந்த அடுக்கில் மறுபடி புதைந்துவிடலாம். அப்போது கல்லின் வயது ஒன்று, அது கிடக்கும் அடுக்கின் வயது வேறு. வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, கடலுயிர் துளைத்த தடங்கள் உள்ளனவா, அருகே கிடப்பவை ஒரே காலத்தவையா என்ற குறிப்புகள்தான் இதைக் கண்டுபிடிக்க உதவும். ஒற்றைக் கல்லை மட்டும் அழகு பார்த்து எடுத்துப்போனவர் இந்தக் கேள்விக்கு என்றும் விடை சொல்ல முடியாது.

சட்டமும் பிற நாட்டு அனுபவமும்

தொல்பொருள்களைக் காக்கும் நம் சட்டங்கள் மனிதன் செய்த பொருள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புவியியல் மரபிடங்களுக்கும் தொல்லுயிர் எச்சங்களுக்கும் தனிச்சட்டம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் பேரில் மத்திய சுரங்க அமைச்சகம் 2022இல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. மரபிடங்களை அறிவிக்கவும், அவற்றைச் சிதைப்போரைத் தண்டிக்கவும் அதில் வழி செய்யப்பட்டது. அதிகாரம் ஒரே துறையிடம் குவிவதைப் பற்றி அறிஞர்கள் கவலை தெரிவித்தனர்; பல்கலைக்கழக ஆய்வாளரும் மாணவரும் களத்தில் இறங்க ஒவ்வொரு முறையும் அனுமதிக்குக் காத்திருக்க நேர்ந்தால் ஆய்வே நின்றுபோகும் என்பது அவர்கள் அச்சம். அந்தக் கவலை நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

இரண்டு நாடுகளின் முறைகள் நமக்குப் பாடமாகும். இங்கிலாந்தின் டார்செட் கரையில், புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆனிங் கற்கள் தேடிய லைம் ரீஜிஸ் பக்கம், கடல் அரித்துத் தள்ளும் தளர்ந்த கற்களை யாரும் எடுக்கலாம். பாறையைக் குடைந்து எடுக்கக் கூடாது. அறிவியல் முக்கியத்துவமுள்ள கண்டுபிடிப்பைக் குறித்த காலத்துக்குள் சார்மவுத் மையத்தில் பதிவுசெய்ய வேண்டும். காரையின் மழையரிப்புக்கு இது அப்படியே பொருந்துகிறது: விட்டுவைத்தால் அழியும் கல்லை மக்கள் காக்கிறார்கள், அறிவு மட்டும் பொதுச்சொத்தாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் தரைமேல் கிடக்கும் கல்லை நில உரிமையாளரின் அனுமதியோடு எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடைமை அரசுக்கே. எடுத்தவர் காவலர், உரிமையாளர் அல்லர். விலை வைக்காத சாளக்கிராம நெறிக்கு இந்த எண்ணம் அயலானதல்ல.

செய்ய வேண்டியவை

அடித்தளம் ஏற்கனவே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொல்லுயிர் எச்சங்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்ட நிர்வாகம் அம்மோனைட்டுகளுக்கென்றே ஒரு மையம் அமைத்திருக்கிறது. இவை பார்வைக்கூடங்களாக மட்டும் நின்றுவிடாமல் பதிவு அலுவலகங்களாகவும் மாற வேண்டும். ஒருவர் கல்லைக் கொண்டுவந்தால் படம், இடம், அடுக்கு, தேதி ஆகியவற்றைப் பதிந்து எண் கொடுத்து, சாதாரண மாதிரியை அவரிடமே திருப்பித்தரலாம். அரிய மாதிரியை அவர் பெயரைச் சேர்த்தே காட்சியில் வைக்கலாம். பெயர் நிலைக்கும் என்று தெரிந்தால் ஒளித்துவைப்பவரும் கொண்டுவருவார்.

காரை, கொளக்காநத்தம் நிலத்தில் சில ஏக்கராவது வேலியிட்டு, ஆய்வுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டும். மீதியில் தளர்ந்த கற்களைப் பதிவோடு எடுக்க அனுமதிக்கலாம். சுரங்கக் குத்தகை நிபந்தனைகளில், புதிய முகம் வெட்டப்படும்போது புவியியலாளர் பார்த்துப் படமெடுக்க அவகாசம் தரும் விதி ஒன்று வேண்டும். அதனால் உற்பத்தி நின்றுவிடாது. சுரங்கத் தொழிலாளர் கண்டெடுத்துக் கொடுக்கும் கல்லுக்குச் சிறு ஊக்கத்தொகை வேண்டும். கொல்கத்தாவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள மூலமாதிரிகளின் முப்பரிமாணப் படங்கள் அரியலூர் மாணவரின் கைபேசிக்கு வர வேண்டும். காரப்பாடியில் பிறந்த பிள்ளை தன் ஊர்ப் பெயரைத் தாங்கிய காரப்படைட்டிஸை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மைசூர், பெங்களூர்ப் புவியியல் துறைகளும் இதில் சேர வேண்டும். கர்நாடகத்தில் அம்மோனைட் அடுக்கு இல்லை. அங்குள்ள மாணவர் கடல்வாழ் தொல்லுயிர்களைக் களத்தில் கற்க வருவது இயல்பாகவே அரியலூர் பக்கம்தான். ராமராவ் காலத்திலிருந்து அவர்கள் எடுத்துச்சென்ற மாதிரிகளின் பட்டியலை வாரணவாசியோடு பகிர்ந்துகொண்டால், ஒரே அடுக்கிலிருந்து இரு மாநிலங்களுக்குப் பிரிந்துபோன செய்திகள் மறுபடி ஒன்றுசேரும். ஆற்றுநீருக்காக ஓயாமல் வழக்காடும் இரு மாநிலங்கள் இதில் தயக்கமின்றிக் கைகோக்கலாம். பகிர்ந்தால் குறையாத சொத்து இது.

கேயும் கன்லிஃப்பும் எடுத்த கற்களோடு மூன்று ஊர்ப்பெயர்களாவது போயின. அவற்றை வைத்து அறிவியல் தொடங்கியது. பிளான்ஃபோர்ட் அடுக்கையும் எழுதினார். அவருக்குப் பின் 160 ஆண்டுகளாக அவர் வரைபடத்தின்மேல்தான் எல்லோரும் நிற்கிறார்கள். செயற்கைக்கோள் இடம் சொல்லும் கருவியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் நம் தலைமுறை, அவர்களைவிடக் குறைவான செய்தியோடு ஒரு கல்லை எடுத்துவருவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. இடமும் அடுக்கும் எழுதாமல் ஓர் அம்மோனைட்டையும் எடுப்பதில்லை என்பதைப் பள்ளி ஆசிரியரும் சுற்றுலாவுக்கு அழைத்துவருவோரும் முதல் விதியாகக் கற்பிக்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பாதுகாப்பு இது ஒன்றே.